டோக்கன் அக்காவின் மூக்கு

செஞ்சிக் கோட்டையை எத்தனையோ ராஜாக்கள் பிடித்திருக்கிறார்கள். ராஜகிரி உச்சி வரைக்கும் ஏறிப்போய்க் கொடி நட்டிருக்கிறார்கள். ஆனால் அவர்களில் ஒருவர்கூட, பஸ் ஸ்டாண்டு எதிரில் இருந்த டோக்கன் அக்காவின் வண்டி ஸ்டாண்டிலிருந்து, டோக்கனைத் தொலைத்துவிட்டு ஒரு பைக்கை வெளியே எடுத்திருக்க முடியாது. குதிரையை விட்டுவிட்டுப் போயிருந்தாலும் இதே கதிதான்.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சொன்னால், “எதுக்குச் சொன்ன?” என்று கேட்டு இன்றைக்கும் போன் வரும்.

ஸ்டாண்டுச் சுவரை ஒட்டி நான் ஆறு வருஷம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். காலையில் கடையைத் திறக்கும்போதே அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். புடவைக்கு மேலே ஆம்பிளை முழுக்கைச் சட்டை. அதன் பையில் மூன்று பேனா. காதிடுக்கில் நான்காவது.

மேல்மலையனூர் அமாவாசை என்றால் ஸ்டாண்டில் கால் வைக்க இடம் இருக்காது. சுத்துப்பட்டு ஜனமெல்லாம் வண்டியை இங்கே போட்டுவிட்டு ஸ்பெஷல் பஸ் ஏறும். ஒரு அமாவாசைக்கு மறுநாள் காலை, நெற்றி நிறையக் குங்குமமும் கையில் எலுமிச்சம்பழமுமாக ஒருவர் வந்தார். டோக்கன் கூட்டத்தில் போய்விட்டதாம்.

“வண்டியில இன்னா ஸ்டிக்கர்?”

“சிங்கம்க்கா.”

“இங்க இருவது சிங்கம் நிக்குது. உன் சிங்கம் எந்தப் பக்கம் பாக்குது?”

மனுஷன் வேர்த்துப்போனார். தினமும் ஓட்டுகிற வண்டி. “நேராத்தான் பாக்கும்,” என்றார். அக்கா உதட்டைப் பிதுக்கினார். அதுவரை பின்னால் நின்ற அவர் மனைவி முன்னால் வந்தார்.

“எடது பக்கம் பாக்குதுக்கா. வாலு உரிஞ்சி பூட்ச்சி. சீட்டு கவர் கிழிஞ்சி நான்தான் ஊதா நூல்ல தெச்சேன்.”

அக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “வண்டி இந்த அம்மாவுது,” என்று நோட்டில் எழுதி, அந்தம்மாவிடமே கையெழுத்து வாங்கினார். புருஷனைப் பார்த்து, “நீ பின்னால ஒக்காந்துக்கினு போ,” என்றார். அந்தம்மாவுக்கு வண்டி ஓட்டவே தெரியாது. தெருமுனை வரைக்கும் இரண்டு பேருமாகத் தள்ளிக்கொண்டு போய், அக்காவின் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் புருஷன் ஏறி உட்கார்ந்தார்.

ஊரார் விஷயத்திலேயே இப்படி என்றால், தன் விஷயத்தில் எப்படி இருப்பார்?

ஆதார் நகல் எடுக்க என் கடைக்கு வந்தால் மெஷினை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். ஒரு தடவை பேப்பர் உள்ளே சிக்கிக்கொண்டது. நான் வேறு பேப்பரில் எடுத்துக் கொடுத்தேன். அக்கா நகரவில்லை.

“உள்ள என் மூஞ்சி மாட்டிக்கினு இருக்குது. எடு.”

அரை மணி நேரம் மெஷினைப் பிரித்து, கசங்கிய பேப்பரை உருவிக் கொடுத்தேன். அதைப் பொடிப்பொடியாகக் கிழித்துப் பாதியைச் சட்டைப் பையிலும் பாதியை முந்தானையிலும் போட்டுக்கொண்டார். “ரெண்டும் ஒரே எடத்துல இருந்தா எவனாவது ஒட்டிடுவான்,” என்றார். அப்புறம் மெஷினைச் சந்தேகமாகப் பார்த்து, “இது மறந்துடுமா?” என்று கேட்டார். நான் சுவிட்சை அணைத்துப் போட்டுக் காட்டினேன்.

அத்தோடு முடியாது. எடுத்த நகலின் மேல், முகத்துக்குக் குறுக்கே, இது எதற்குக் கொடுக்கிறேன், யாரிடம் கொடுக்கிறேன், தேதி, வேறு எதற்கும் செல்லாது என்று எழுதிக் கையெழுத்தும் போடுவார். ஒரு தடவை பேங்கில் அதிகாரி கோபித்துக்கொண்டார்.

“என்னம்மா இது? மூஞ்சியே தெரியல.”

“காப்பியில தெரியலன்னா இன்னா சார்? ஒரிஜினல் மூஞ்சி முன்னாடி நிக்குது. நல்லாப் பாத்துக்க.”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். ஊரே சிரித்தது. ஒரு புதன்கிழமை வரைக்கும்.

அன்றைக்கு வேறு மாவட்டத்திலிருந்து மஃப்டியில் ஒரு எஸ்.ஐ.யும் ஒரு ஏட்டும் பைக்கில் வந்தார்கள். வந்தவர்கள் முதலில் வண்டியை ஸ்டாண்டில் விட்டு டோக்கன் வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் எஸ்.ஐ. அக்காவின் முழுப் பெயரைச் சொல்லி, “நீங்கதானா?” என்றார்.

“எதுக்கு?”

“போலீஸ்மா.”

“கார்டு காட்டு.”

காட்டினார். அக்கா இரண்டு பக்கமும் படித்தார். கார்டை அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

“போட்டோவுல மீசை இல்லியே?”

“அப்புறம் வளத்தேன்மா.”

“செரி. சொல்லு சார்.”

எஸ்.ஐ. சொன்னார். அக்கா பேரில் ஒரு பைக் பதிவாகியிருக்கிறது. அதில் வந்த இரண்டு பேர் ரோட்டில் போன ஒரு அம்மாவின் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கீழே விழுந்த அந்தம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அக்கா விசாரணைக்கு வர வேண்டும்.

“எனுக்கு வண்டியா?” அக்கா திரும்பித் தன் ஸ்டாண்டைப் பார்த்தார். நானூறு வண்டி நின்றது. “சார், எனுக்கு உருட்டத்தான் தெரியும். ஓட்டத் தெரியாது.”

“ஓட்டத் தெரியணும்னு சட்டம் இல்லம்மா. பேரு உங்களுது. ஆதார் உங்களுது.”

டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வந்துவிட்டார்கள். அடுத்த வாரம் ஸ்டாண்டைக் குத்தகைக்கு விடும் ஏலம். போலீஸ் கேஸ் இருப்பவர் ஏலத்தில் நிற்க முடியாது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். இருபது வருஷமாக அக்கா கட்டிக் காத்த இடம். காதிலிருந்து பேனாவை எடுத்தார். பேனா கீழே விழுந்தது. அவர் கையிலிருந்து பேனா விழுந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். குனிந்து எடுத்துக் கொடுத்தேன். அதைத் திரும்பக் காதில் செருகியதும் ஆள் பழையபடி ஆகிவிட்டார்.

“நான் குடுத்ததாச் சொல்றீங்களே, அந்தப் பேப்பரக் காட்டு சார்.”

ஏட்டு ஃபைலைப் பிரித்தார். அக்காவின் ஆதார் நகல்தான். ஆனால் முகத்தின் குறுக்கே எழுத்தே இல்லை. அதற்குப் பதிலாக மூக்கின் மேல் ஒரு வெள்ளைப் பட்டை ஓடியது. யாரோ ஒயிட்னர் பூசி அழித்துவிட்டு, அதை மறுபடி ஜெராக்ஸ் எடுத்திருக்கிறார்கள். காதோரம் மட்டும், அழிக்க மறந்துபோன ஒரு ‘ம்’ ஒட்டிக்கொண்டிருந்தது.

அக்கா அந்தப் பேப்பரையே பார்த்தார். பிறகு, “மூக்கு,” என்றார்.

“என்னம்மா?”

“மூக்கு சார், மூக்கு! தங்கச்சி, என் நாற்காலிக்கு அடியில பச்ச நோட்டு இருக்குது, எடுத்தா!” என்று என் பக்கம் திரும்பினார்.

எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். அவர் கை போன இடத்தில் கிறுக்குகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. பேங்குக்கு என்றால் நெற்றியில் எழுதுவார். கேஸ் சிலிண்டருக்கு வலது கன்னம். ரேஷனுக்குத் தாடை. எந்த நகல் எங்கே போனது என்று பச்சை நோட்டில் ஒரு வரி விடாமல் இருந்தது. எஸ்.ஐ. நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மூக்கு ஒரே ஒரு இடத்தில்தான் வந்தது.

‘சிம்மு. பஸ் ஸ்டாண்டு குடைக்காரன். ஆரஞ்சு டீ ஷர்ட்டு. மூக்கு.’ பக்கத்தில் தேதி. பஸ் ஸ்டாண்டு வாசலில் குடை நட்டு சிம் கார்டு விற்றவன் அவன்.

“இந்தக் குடைக்காரன் இப்ப எங்கம்மா இருக்கான்?”

“குடையெல்லாம் மடிச்சிட்டான் சார். பழைய வண்டி புரோக்கரா இருக்கறான். மாடியில ரூம்பு எடுத்துக்கினு இருக்கறான்.”

“எந்த மாடி?”

“எதுக்கு சார் அலையற? அவன் வண்டி என்கிட்டதான நிக்குது. அஞ்சரைக்கு வருவான். ஒக்காரு.”

எஸ்.ஐ. ஏட்டைக் கூட்டிக்கொண்டு வண்டிகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். டீக்கடைக்காரர் இரண்டு பேருக்கும் டீ அனுப்பினார். பார்க்க வந்த கூட்டத்தை அக்கா ஒரே அதட்டில் கலைத்தார். “நிக்காத, போ! கூட்டத்தப் பாத்தா உள்ளயே வரமாட்டான்.” ஆளாளுக்குப் போய்ப் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நின்றுகொண்டார்கள். அன்றைக்கு அத்தனை பேர் எங்கே போவதற்காக நின்றார்கள் என்று கண்டக்டர்களுக்குக் கடைசிவரை புரியவில்லை.

அஞ்சரைக்குக் குடைக்காரன் வந்தான். சாவியை விரலில் சுற்றிக்கொண்டே டோக்கனை நீட்டினான். அக்கா வாங்கிப் பார்த்தார்.

“டோக்கன் செரியாத்தான் இருக்குது. நீ யாரு?”

“இன்னாக்கா, டெய்லி வர்றேன்!”

“டெய்லி வர்றவன்தான். பேரு சொல்லு.”

சொன்னான்.

“இது உன் பேரா, இல்ல வேற யாரு பேராவதா? ஏன்னா, என் பேர்ல ஒரு வண்டிய ஓட்டிக்கினு இருக்கறானுங்களாம். எனுக்கே தெரியாது.”

அவன் முகம் வெளுத்ததைப் பார்த்ததும் எஸ்.ஐ. ஸ்டூலை விட்டு எழுந்தார். அவன் ஓடத்தான் பார்த்தான். ஆனால் சாயங்கால நேரத்தில் அக்காவின் ஸ்டாண்டில் வண்டிகளுக்கு நடுவே வழி எது என்று அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். மூன்றாவது வரிசையில் இரண்டு ஹேண்டில்பாருக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றான். “வண்டியில கீறல் வுழப்போவுது, மெதுவாப் புடிங்க சார்!” என்று அக்கா கத்தினார்.

அவன் ரூமில் இரண்டு சாக்குப் பை நிறைய நகல்கள் இருந்தன. சிம் வாங்கிய ஊர் ஜனம் மொத்தமும் அந்தச் சாக்கில் இருந்தது. திருட்டு வண்டிகளை யார் யார் பேரிலோ பதிவு செய்து விற்றிருக்கிறான். ஆள்கள் கிடைத்தார்கள், சங்கிலி கிடைத்தது, அந்தம்மாவும் நல்லபடியாக வீடு திரும்பினார்.

மறுநாள் காலை என் கடை வாசலில் வரிசை நின்றது. எல்லார் கையிலும் பேனா. செஞ்சியே தன் மூஞ்சியில் தானே குறுக்கே எழுதிக்கொண்டது. அக்காவிடம் கோபித்துக்கொண்ட பேங்கு அதிகாரியும் வந்தார். கன்னத்தில் எழுதுவதா, நெற்றியில் எழுதுவதா என்று அக்காவிடமே போய்க் கேட்டார். “உனுக்கு நெத்தி பெருசு சார். நெத்தியிலயே எழுது,” என்றார் அக்கா. அடுத்த வாரம் ஏலத்தில் அக்கா கை தூக்கினார். எதிர்த்துத் தூக்க ஒரு கையும் எழவில்லை. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். ஏலத்தில் கைதட்டக் கூடாது என்று ஏல அதிகாரி சொல்லிவிட்டு, அவரும் தட்டினார்.

அதற்கப்புறம் ஸ்டேஷனில் ஒரு வேலை மிச்சம் இருந்தது. சாக்கில் இருந்ததெல்லாம் நகலுக்கு நகல் எடுத்தவை. முகமெல்லாம் அடுப்புக்கரி. பாதிக்கு மேல் பேரும் நம்பரும் இருந்த ஓரம் கிழிந்திருந்தது. யார் யாருடையது என்று கண்டுபிடிக்க அக்காவைத்தான் கூப்பிட்டார்கள். துணைக்கு நான் போனேன். ரைட்டர் ஒவ்வொன்றாக நீட்ட நீட்ட, அக்கா சொல்லிக்கொண்டே வந்தார்.

“இது தொண்டூர்ல இருந்து வர்ற பால்காரரு. செவப்பு வண்டி. ஒரு கண்ணாடி இருக்காது.”

“இந்தப் பொண்ணு நர்சு. ஹெல்மெட்டுக்குள்ள பூ வெச்சிக்கினு வரும்.”

“இவரு வாத்தியாரு. வண்டிய வுட்டுட்டு நாலடி போயி, பூட்டனமான்னு திரும்பி வந்து பாப்பாரு.”

சாயங்காலம் ஒரு நகல் வந்தது. பேரும் இல்லை, நம்பரும் இல்லை. முகம் இருந்த இடத்தில் கறுப்பு. அக்காவுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

“இது நம்ம ஜெராக்ஸ் தங்கச்சி. சிரிச்சா எடது கண்ணு மட்டும் சின்னதாப் பூடும்.”

ரைட்டர் எழுதிக்கொண்டார். நான் வாங்கிப் பார்த்தேன். கழுத்திலிருந்த பழைய பாசிமணியை வைத்துத்தான் எனக்கே அடையாளம் தெரிந்தது. நான்தான்.

அந்தப் படம் எடுத்தபோது நான் சிரிக்கவே இல்லை.