துப்பாக்கிக்குப் பூ வைத்தவன்

துப்பாக்கியால் ஒருவன் மானம் போவதற்கு அது வெடித்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. என் மானம் வெடிக்காமலேயே போயிற்று. வெடிக்காததால்தான் இதைச் சிரிப்புக் கட்டுரையாக எழுத முடிகிறது. வெடித்திருந்தால் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து வாக்குமூலமாக எழுதியிருப்பேன்.

தொண்ணூற்றெட்டில் எனக்கு இருபத்தாறு வயது. ஹெப்பகோடியில் நண்பர்களோடு ஓர் அறை. பக்கத்திலேயே எலெக்ட்ரானிக் சிட்டியில், இரண்டாயிரமாம் ஆண்டு என்று ஒன்று வரப்போகிறது என்பதைக் கணினிகளுக்குப் பொறுமையாகப் புரியவைக்கும் வேலை. குடியாத்தத்திலிருந்து அம்மா பெண் பார்த்தாள். ஆஸ்டின் டவுனில் தாத்தா காலத்திலிருந்தே குடியிருக்கும் தமிழ்க் குடும்பம். அப்பா மாநில அரசுப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரே பெண் சுகந்தி, வங்கியில் வேலை. ஜாதகம் பொருந்தி, பஜ்ஜி கேசரி முடிந்து, எங்களைத் தனியாகப் பேச விட்டார்கள் (தனியாக என்றால், கதவை விரியத் திறந்து வைத்து).

"ஞாயித்துக்கெழம நான் வீட்ல இருக்க மாட்டேன்," என்றாள் சுகந்தி. "ஆனேக்கல் பக்கம் ஒரு துப்பாக்கி கிளப் இருக்கு. பறக்கற களிமண் தட்டைச் சுடுவோம். கல்யாணத்துக்கு அப்புறமும் போவேன். ஒரு நாள் வந்து பாருங்க. பாத்துட்டு சரின்னு சொல்லுங்க, வேணாம்னு சொல்லுங்க."

அவள் பேசியவிதத்திலேயே நான் சரி சொல்லிவிட்டேன், மனதுக்குள். வெளியே, "எனக்கும் சின்ன வயசுலேந்தே இதுல ரொம்ப ஆர்வம்," என்றேன். (பொட்டு கேப் வைத்துச் சுடும் தீபாவளித் துப்பாக்கியோடு முடிந்துபோன ஆர்வம்.) அவள் அப்பாவுக்குப் பரம சந்தோஷம். அந்தக் கிளப்பில் பாதுகாப்புப் பொறுப்பு அவருடையதுதான்.

"அப்ப விஜயதசமிக்கே வந்துடுங்க தம்பி. புதுசா கத்துக்க நல்ல நாள்," என்றார்.

இந்த இடத்தில் என் குடும்ப வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குடியாத்தத்தில் அப்பாவுக்கு மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை. ஆயுத பூஜை வந்தால் பொட்டு வைப்பது அண்ணன், பூ வைப்பது நான். ஸ்பேனர், சுத்தியல், அம்மாவின் அரிவாள்மனை எதுவும் தப்பாது. குழாய் என்று ஒன்று இருந்தால் அதன் வாயில் ஒரு சாமந்தி இருந்தே தீரவேண்டும். சைக்கிள் பம்பின் வாயில்கூடச் செருகியிருக்கிறேன். அப்பா என்னைத் தட்டிக்கொடுத்த சந்தர்ப்பங்கள் வாழ்க்கையில் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை பூ வைத்ததற்காக.

விஜயதசமி அன்று புதுச் சட்டையோடு சீக்கிரமே கிளப்புக்குப் போய்விட்டேன். தகரக் கூரைக்குக் கீழே, முதல் நாள் பூஜையில் வைத்த நாலு துப்பாக்கிகள் மேஜைமேல் நடுவில் மடக்கித் திறந்தபடி கிடந்தன. இரட்டைக் குழல் துப்பாக்கிகள். கட்டையில் சந்தனம், குங்குமம் எல்லாம் இருந்தது. குழாயின் வாய் மட்டும் மொட்டையாக இருந்தது. உறுப்பினர்கள் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பாவம், பெங்களூர்க்காரர்கள், முறை தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மேஜையோரம் உதிரிச் சாமந்தி இருந்தது. குழாய்க்கொன்றாகச் செருகினேன். அவை விழுந்தன. விழக்கூடாதே என்று விரலை விட்டு நன்றாக உள்ளே தள்ளினேன்.

கற்பூரம் காட்டி, எல்லோரும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அவரவர் இடத்துக்குப் போனார்கள். சுகந்தி ஒன்றை எடுத்துக்கொண்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"மொதல்ல நான் சுட்டுக் காட்டறேன். அதுக்கு முன்னாடி நாலு விஷயம் கேட்டுக்கோங்க. எந்தத் துப்பாக்கியா இருந்தாலும் தோட்டா இருக்குன்னே நெனச்சுக்கணும். அதோட வாய் தரையப் பாக்கணும், இல்லன்னா எதிர்ல இருக்கற மண்மேட்டப் பாக்கணும். மனுஷனப் பாக்கவே கூடாது. சுடற வரைக்கும் விரல் விசைகிட்ட போகக்கூடாது."

ஏற்கெனவே தெரிந்ததைத் திருப்பிக் கேட்கிறவன் போலத் தலையாட்டினேன்.

"கடைசியா, தோட்டா போடறதுக்கு முன்னாடி குழாய்க்குள்ள பாக்கணும்." துப்பாக்கியை மடக்கித் திறந்து, மேட்டுப் பக்கமாக நீட்டி, பின்பக்கத்தை என்னிடம் காட்டினாள். "நீங்களே பாருங்க. ரெண்டு பக்கமும் வெளிச்சம் வட்டமா தெரியணும். தெரியுதா?"

குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். என் பூ நகராமல் அப்படியே இருந்தது. எனக்குத் திருப்தி.

"மஞ்சளா தெரியுது," என்றேன்.

"மஞ்சளாவா?"

அவள் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சட்டென்று திரும்பி, "அப்பா, எல்லாரையும் நிறுத்தச் சொல்லுங்க," என்று கத்தினாள். அவர் விசில் ஊதினார். வரிசை முழுக்க எல்லோரும் துப்பாக்கியைத் திறந்து கீழே வைத்தார்கள். அவர் வேகமாக வந்து குழாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

"யாரப்பா இது பண்ணது?"

இந்த இடத்தை எழுதும்போது இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது. நான் பயந்து ஒப்புக்கொள்ளவில்லை. முன்னால் ஒரு அடி எடுத்து வைத்து, அப்பாவின் பட்டறையில் நிற்கிற மாதிரியே நின்று, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னேன்.

"நான்தான் சார். நாலு துப்பாக்கியிலயும் வெச்சிருக்கேன்."

கடைசி இடத்தில் நின்றிருந்த ஒருவர் தன் கையிலிருந்த தோட்டாவை மெதுவாகப் பையில் போட்டுக்கொண்டார். அவர் குழாய்க்குள் பார்க்காமலேயே தோட்டாவைப் போட இருந்தாராம். பண்டிகை நாள், துடைத்து வைத்த துப்பாக்கி, பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்திருக்கிறார்.

சுகந்தியின் அப்பா குரலை உயர்த்தவில்லை. "ஸ்வல்ப இங்க வாங்க தம்பி," என்று பாதிக் கன்னடத்தில் கூப்பிட்டு, துடைக்கிற நீளக் கம்பியை விட்டுத் தள்ளினார். கசங்கிய சாமந்தி என் செருப்பருகே விழுந்தது. "இத அடைச்சுட்டுச் சுட்டா, வெளிய போகவேண்டியது போக வழி இல்லாம குழாய் வெடிக்கும். குழாயத் தாங்கிட்டு இருக்கற கை போயிடும்."

குழாயைத் தாங்குவது இடது கை. முதலில் சுட இருந்தவள் சுகந்தி. நான் அவள் இடது கையைப் பார்த்தேன். மெல்லிய வார் போட்ட சின்ன வாட்ச் கட்டியிருந்தாள். பெண் பார்க்க வந்தவன் அந்தக் கைக்கு என்ன செய்யப் பார்த்தான் என்பது எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. பூமி பிளந்தால் போய்விடலாம் போலிருந்தது.

மீதிப் பூக்களை நானே எடுக்க வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். துப்பாக்கிக்காரர்கள் வரிசையில் வந்து நின்றார்கள். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுபவனைப் போல நான் கம்பியை விட்டுத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒருவர், "ஹூவு சென்னாகிதெ," என்று பூவின் அழகைக் கன்னடத்தில் பாராட்டிவிட்டுப் போனார். போகும்போது எனக்கும் பொரிப் பொட்டலம் கொடுத்தார்கள். பஸ்ஸில் அதைப் பிரிக்கக்கூட மனசு வரவில்லை. சம்பந்தம் முடிந்தது, அம்மாவிடம் என்ன காரணம் சொல்வது என்று மட்டும் யோசித்துக்கொண்டு வந்தேன்.

அந்த வாரமே அலுவலகத்துக்குப் போன் வந்தது. சுகந்திதான்.

"ஞாயித்துக்கெழம வாங்க. பூ எடுத்துட்டு வராதீங்க."

போனேன். பல ஞாயிறுகள் என்னைத் தோட்டாவைத் தொடவே விடவில்லை. துப்பாக்கியைத் திற, குழாயைப் பார், வெளிச்சம் தெரிந்தால் சொல். அவ்வளவுதான் பாடம். நான் பார்த்துப் பார்த்து, கடைசியில் அறையிலிருந்த குடையைக்கூட விரிக்கும் முன் உள்ளே எட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். பிறகு ஒருநாள் நிஜமாகவே சுட்டேன். தட்டு முழுசாகத் தரையிறங்கியது. தோளில்தான் அடி.

கல்யாணமான பிறகு அவளிடம் கேட்டேன், எதை நம்பி என்னைக் கட்டிக்கொண்டாய் என்று.

"அப்பாக்கு உங்களப் புடிச்சுப்போச்சு. தப்பு பண்ணா தைரியமா ஒத்துக்கற பையன்னாரு. நான்தான் சொன்னேன், அவரு ஒத்துக்கலப்பா, தட்டிக்கொடுப்பீங்கன்னு நின்னாருன்னு."

"தெரிஞ்சுமா சரின்னே?"

"நாலுன்னு நீங்களா சொன்னீங்க இல்ல. அதச் சொல்லாம விட்டிருந்தா நாங்க என் துப்பாக்கிய மட்டும் சுத்தம் பண்ணிட்டு சுட ஆரம்பிச்சிருப்போம்."

ஆஸ்டின் டவுன் வீட்டில் ஆயுத பூஜையன்று இப்போதெல்லாம் பொரி பங்கிடுவது மட்டுமே என் வேலை. பூக்கூடை என் கைக்கு எட்டாத அலமாரியில் இருக்கும். பால் ஒரு மாதிரி இருந்தாலும், வீட்டுப் பத்திரத்தில் வில்லங்கம் தெரிந்தாலும், "மஞ்சளா தெரியுது," என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். சுகந்தி இடது கையை உயர்த்திக் கூந்தலில் பூ வைத்துக்கொள்ளும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வராது.

என் மகள் விஜயதசமி அன்று ஸ்கூட்டரை எடுக்கும் முன் பின்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து புகைக்குழாயை எட்டிப் பார்ப்பாள். பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுப்பாள்.

"அம்மா, அப்பா இந்தப் பக்கம் வரல. நான் கெளம்பறேன்."