ரொக்ஸ்பரோவில் நான் அடித்த வேலி

தனியாக இருக்கும் ஆம்பிளையின் கையில் சுத்தியல் கிடைக்கக் கூடாது. அவனிடம் நேரம் நிறைய இருக்கும். "விட்டிட்டு வாங்கோ, சாப்பிடுவம்" என்று கூப்பிட ஆள் இருக்காது. கனடாவில், மொன்றியல் பக்கம் ரொக்ஸ்பரோவில் வீடு வாங்கி, பின்வளவுக்கு நான் வேலி அடித்தது அப்படியான ஒரு காலத்தில்தான்.

கலியாணம் முடிந்த கையோடு நான் மொன்றியலுக்குத் திரும்பிவிட்டேன். சுகந்தி யாழ்ப்பாணத்தில் விசாவுக்காகக் காத்திருந்தாள். இரண்டு வருடமாக அது வரும் வரும் என்றார்களே தவிர வரவில்லை. இங்கே வெறும் வீட்டில் நானும் ஒரு கட்டிலும் ஒரு கதிரையும். பகலில் களஞ்சியத்தில் வேலை (பெட்டிகளோடு கதைப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை), இரவில் சோறும் டின் மீனும். ஞாயிற்றுக்கிழமை சுகந்தியின் வீடியோ அழைப்பு வரும். அதற்காகவே மற்ற நாட்களைத் தள்ளினேன்.

ஒருநாள் பெருமையாகப் போனைத் தூக்கிப் பின்வளவைக் காட்டினேன்.

"என்னப்பா, வேலியைக் காணேல்லை?"

இடுப்பளவில் உக்கிப்போன பழைய பலகைகள் நின்றன. "இருக்கு. கொஞ்சம் பதிவு, உயரம் காணாது."

"உதாலை ஆடு வந்திடும்."

"இஞ்சை ஆடு இல்லையப்பா."

"ஆக்கள் இருக்கினம்தானே? நான் முழுகிப்போட்டு எங்கை நிண்டு தலை காயவிடுறது?"

அவ்வளவே போதும். ஒக்ரோபரில் வேலை தொடங்கியது. முழங்கால் ஆழத்தில் குழி தோண்டி சீடர் மரத்தூண்களை நட்டேன். ஊரில் வேலிக்குப் பச்சைத் தடியாகக் கதியால் நட்டால் தண்ணீர் விட்டு மிதிப்போம். நானும் தூணுக்குத் தூண் வாளி வாளியாக ஊற்றி மிதித்தேன் (அறுத்த மரம் துளிர்க்கும் என்று நினைத்தாயா என்று கேட்காதீர்கள்). ஆறடி உயரத்தில் இடைவெளியே இல்லாமல் பலகை. சட்டங்கள் எல்லாம் வெளிப்பக்கம், வழுவழுப்பான அழகு முழுக்க என் பக்கம். வீட்டோரமாகத் தெருவுக்குப் போக ஒரேயொரு கேற். அதையும் நிலத்தில் முட்டும்படி இறக்கிப் பொருத்தினேன்.

பக்கத்து வீட்டில் மதாம் லூசி தனியாக இருந்தார். எழுபது வயதுக்கு மேல். பழைய பலகைக்கு மேலால் காலையில் "பொன்ஜூர்" என்பார், நானும் "பொன்ஜூர்" என்பேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சும் அவ்வளவுதான். வேலைத்தலத்துக்கு வெளியே என்னோடு பேசிய ஒரே மனிதர் அவர். வேலி எழும்பிய மறுநாள், புதுப்பலகையைப் பார்த்தபடி தேத்தண்ணி குடித்தேன். நல்ல வேலைதான். ஆனால் ஒருவரும் பொன்ஜூர் சொல்லவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு அழுகை வருகிற மாதிரியே இருந்தது. வேலியைக் காரணம் காட்ட மட்டும் மனம் வரவில்லை.

ஜனவரியில் சுகந்தி சொன்னாள்: "வெள்ளிக்குள்ளை விசா முடிவு தெரிஞ்சிடுமாம். ஞாயிற்றுக்கிழமை எடுத்துச் சொல்லுறன்."

அந்த ஞாயிறு காலை, அவள் அழைக்கும்போது வேலி பளிச்சென்று தெரியட்டும் என்று, பனியைத் தட்டிவிடப் பின்வளவுக்குப் போனேன். மேலே கோட்டு, இடுப்பில் கட்டிய சாரம், வெறுங்காலில் சப்பாத்து. போன் குசினி மேசையில் சார்ஜில். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தானாகவே பூட்டியும் கொண்டது.

பரவாயில்லை, கேற்றால் சுற்றிப் போகலாம் என்று போய்த் தள்ளினேன். அசையவில்லை. இந்த ஊரில் குளிர் நிலத்துக்குள் நாலைந்து அடி இறங்கும் என்பதும், உறைந்து வீங்கும் ஈரமண் ஆழமில்லாத தூணைக் கவ்வி மேலே தூக்கும் என்பதும் எனக்குப் பேந்துதான் தெரிந்தது. இரண்டு தூண்களும் சரிந்து கேற்றை நெரித்துக்கொண்டு நின்றன. அடியில் ஐஸ் கட்டியிருந்தது. ஏறிக் குதிக்கலாமென்றால் கால் வைக்க இடமில்லை. சட்டங்கள்தான் வெளியே, அழகுதானே உள்ளே!

அப்போது போன் அடித்தது. சன்னல் கண்ணாடிக்குள்ளால் சுகந்தியின் முகம் மேசையில் ஒளிர்ந்தது. நின்றது. மறுபடியும் அடித்தது. கண்ணாடியை உடைக்கக் கை ஓங்கினேன். அவள் வரும்போது உடைந்த சன்னலையா காட்டுவது என்று இறக்கினேன் (புத்தி அப்போதே உறைந்துவிட்டது). மூன்றாம் தரமும் அடித்து ஓய்ந்தது. என் வீட்டுக்கு வெளியே, என் வேலிக்கு உள்ளே, உலகத்தில் ஒருவருக்கும் தெரியாமல் நின்றேன்.

மதாமின் கதவுச் சத்தம் கேட்டது. எடுத்த எடுப்பில் 'ஹெல்ப்' என்று கத்த வெட்கமாக இருந்தது.

"பொன்ஜூர்!" என்றேன்.

"பொன்ஜூர்!" என்றார் சந்தோஷமாக. கதவு சாத்தும் சத்தம்.

"பொன்ஜூர்! பொன்ஜூர்! ஐயோ, ஆராவது வாங்கோவன்!"

பிறகு பனி நொறுங்கும் காலடி. அவர் கேற்றை வெளியிலிருந்து இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் 'டொக்' என்று அவர் பக்கத்து வேலியை உடைத்துக்கொண்டு ஒரு கோடரி நுனி என் பக்கம் எட்டிப் பார்த்தது. அடுப்புக்கு விறகு கொத்துகிற கை. இரண்டு பலகை போக அதிக நேரம் எடுக்கவில்லை. வேலியில் விழுந்த அந்தப் பொட்டுக்குள்ளால், சாரத்தைப் பிடித்தபடி, நான் தவழ்ந்து போனேன்.

அவருடைய குசினியில் கம்பளி போர்த்து இருத்தினார். விரல்கள் மரத்துப்போயிருந்ததால் நான் நடுங்கி நடுங்கி இங்கிலிசில் இலக்கம் சொல்ல, அவரே சுகந்திக்கு அழைத்தார். எடுத்ததும் பிரெஞ்சில் ஏதோ பொரிந்து தள்ளிச் சிரித்துவிட்டு, போனை என் காதில் வைத்தார்.

"ஆரப்பா அந்தப் பொம்பிளை?"

"ப… பக்கத்து வீட்டு…"

"மூண்டு தரம் எடுத்தன். செத்துப்போனியளோ எண்டு நான் இஞ்சை பதறுறன், நீங்கள் அங்கை இன்னொருத்தி வீட்டிலை!" குரல் உடைந்தது. "விசா வந்திட்டுது. வரட்டோ, வேண்டாமோ?"

'வா' என்பது ஓரெழுத்து. என் பற்கள் கிடுகிடுத்ததில் அது வரவில்லை.

"என்ன, யோசிக்கிறியளோ?"

"வா… வா… வா…" என்றேன். அழுகையும் நடுக்கமும் சேர்ந்து நிறுத்த முடியவில்லை.

அவள் வந்த வசந்தத்தில் வேலி முழுவதும் கள்ளுக் குடித்தவர்கள் போலச் சாய்ந்து நின்றது. பிடுங்கிவிட்டு, ஐந்தடி ஆழத்தில் அடியில் சல்லிக்கல் போட்டு நட்டேன். வாளியைத் தொடவில்லை. மதாம் பக்கம் அடைக்கப்போனபோது சுகந்தி மறித்தாள். அந்த இடத்தில் கதவில்லாத ஒரு வழி இன்றும் இருக்கிறது.

எங்கள் மகளுக்கு இப்போது எட்டு வயது. வீட்டிலும் பிரெஞ்சுதான் கதைப்பாள். ஆனால் பள்ளிக்கூடத்தால் வந்து, நான் கதவைத் திறக்கக் கொஞ்சம் பிந்தினால் போதும், தாயின் குரலிலேயே தெருவுக்குக் கேட்கக் கூவுவாள்: "வரட்டோ, வேண்டாமோ?"

மதாம் தன் சன்னலுக்குள் நின்று சிரிப்பார். நான் போட்டது போட்டபடி ஓடிப்போய்த் திறப்பேன்.