சந்திரகலா படிப்புக்குப் பூ கட்டிப் பார்த்தது

எளாவூர்
12-6-1967

கண்டியில் ஜவுளிக்கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து உடம்பு வளர்க்கும் மச்சான் ஆதிநாராயணனுக்கு, உன் அக்கா புருஷன் ராஜவேலு எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், உன் அக்கா எல்லம்மா, பொண்ணு சந்திரகலா, ரெண்டு எருமை எல்லாரும் க்ஷேமம். அவ்விடம் உன் க்ஷேமத்துக்கும் உன் தொப்பையின் க்ஷேமத்துக்கும் தனித்தனியாகப் பதில் போடவும். நான் மூணாங்கிளாஸோடு நின்னவன், தப்பு இருந்தால் தள்ளிப் படிக்கவும்.

நிற்க. நீ சொல்லி எழுதிப் போட்ட இலங்கை யுனிவர்சிட்டியிலும் சந்திரகலாவுக்கு இடம் கிடைத்துவிட்டது, மெட்ராஸிலும் கிடைத்துவிட்டது. ரெண்டு கடுதாசியும் ஒரே வாரத்தில் வந்து, ஊட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. நீயோ, அங்கே மலை மேலே படிப்பு, ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வரும் என்று ஆறு பக்கம் எழுதியிருக்கிறாய். மேகம் உள்ளே வந்தால் புஸ்தகம் நனையாதா மச்சான்? எனக்கு மலை பயமில்லை, நடுவுல இருக்கிற தண்ணிதான் பயம். தனுஷ்கோடியையே முழுங்கின கடல், என் பொண்ணை மட்டும் பத்திரமாக் கொண்டாந்து உடுமா? உன் அக்கா மட்டும் இலங்கைதான்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா. தம்பி மேல பாசம்போலன்னு நினைச்சேன்.

சரி, அம்மன் கோயில்ல பூ கட்டிப் பார்த்துடலாம்னு முடிவாச்சு. வெள்ளைப் பூ வந்தா மெட்ராஸ், சிவப்பு வந்தா இலங்கை. பொட்டலம் கட்டுற வேலை எனக்கு. உங்கிட்ட மறைப்பானேன், ரெண்டுலயும் நந்தியாவட்டையே வெச்சு வாழை நாருல கட்டிட்டேன். எதை எடுத்தாலும் மெட்ராஸ், அம்மனுக்கு யோசிக்கிற வேலை மிச்சம். கோயில் வாசல்ல பொட்டலம் வெச்ச தட்டை உன் அக்கா கையில குடுத்துட்டுக் குளத்துல கால் கழுவிக்கினு வந்தேன். எதுல இன்னா பூன்னு தெரியாத ஆளு எடுக்கணுமில்ல, கற்பூரம் விக்கிற அஞ்சம்மாளைக் கூப்பிட்டோம். அது ஒண்ணை எடுத்துது. பூசாரி பிரிச்சாரு. சிவப்பு அரளி! நான் வெச்சது ரெண்டும் வெள்ளையாச்சேன்னு சன்னதியில நின்னுக்கினு எப்படிக் கத்துறது? கன்னத்துல போட்டுக்கினேன், போட்டுக்கினே இருந்தேன். "ராஜவேலுக்கு இன்னா பக்தி பாரு"ன்றாரு பூசாரி.

ஊட்டுக்கு வந்து உன் அக்கா மடியை உதறினா, ரெண்டு பொட்டலம் தொப்புனு விழுது. ரெண்டும் நான் கட்டினது! நான் கால் கழுவுற நேரத்துல, ரெண்டுலயும் அரளி வெச்சுக் கட்டி மடியில மறைச்சு எடுத்தாந்ததைத் தட்டுல மாத்தி வெச்சிருக்கா.

"ஏன்டி, அம்மனையே ஏமாத்துனியா?"

"இருய்யா, இரு"ன்னு கீழே கிடந்த பொட்டலம் ரெண்டையும் பிரிச்சா. ரெண்டும் வெள்ளை. "நீ மட்டும் இன்னா பண்ணியாம்?"

அப்புறம் உட்கார்ந்து நிதானமாச் சொன்னா: "இங்க இருந்தா ரெண்டாவது வருஷமே உன் கூடப் பொறந்த லட்சுமியம்மாள் தன் புள்ளைக்குப் பொண்ணு கேட்டு வெத்தலைப் பாக்கோட வந்துடுவா. நீ மண்டையை ஆட்டுவே. படிப்பு பாதியில நிக்கும். நான் அஞ்சாங்கிளாஸ் பாதியில நின்னவ, எனக்குத் தெரியும். கடலைத் தாண்டி எவ வெத்தலைப் பாக்கு எடுத்துக்கினு வருவா?"

மண்டையை ஆட்டுற ஆளுதான் நான், உனக்குத் தெரியாததா. அதனால மச்சான், அம்மன் சொன்னபடி, அதாவது உன் அக்கா சொன்னபடி, பொண்ணை அனுப்புறேன். தலைமன்னார்ல கப்பல் வர்றதுக்கு முன்னாடியே வந்து நில்லு. அவளுக்கு மீன் குழம்பு இல்லாம சோறு இறங்காது. மேகம் வந்தா ஜன்னலைச் சாத்திக்கச் சொல்லு.

உன் கடை பெருகவும் தொப்பை குறையவும் அம்மனை வேண்டுகிற (இனிமேல் ஒழுங்காக வேண்டுகிற)
ராஜவேலு

பி.கு: கவர் ஒட்டுறதுக்கு முன்னாடி சந்திரகலாகிட்டப் படிக்கக் குடுத்தேன். உருண்டு உருண்டு சிரிக்கிறா. மெட்ராஸ்ல சேர்றேன், ஹாஸ்டல்ல இடம் வேணும்னு போன வாரமே எழுதிப் போட்டாச்சாம். என் கையெழுத்தையும் அவளே போட்டுட்டாளாம், என்னைவிட நல்லாவே போடுறா. "பின்ன கோயிலுக்கு எதுக்குடி வந்தே?"ன்னு கேட்டேன். "நீங்க ரெண்டு பேரும் என்னை ஒரு வார்த்தை கேப்பீங்களான்னு பார்த்தேன் நைனா"ன்னா. அதனால நீ தலைமன்னாருக்கு வராதே.

அப்புறம் அவளே ரெண்டு பொட்டலம் கட்டி எங்கிட்ட நீட்டினா. வெள்ளை வந்தா, படிச்சு முடிக்கிற வரைக்கும் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது. சிவப்பு வந்தா எடுக்கலாம். எடுத்தேன். வெள்ளை. இன்னொண்ணை நான் பிரிச்சுப் பார்க்கலை மச்சான். யாரு பொண்ணு அது!