பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்

பார்த்துக்கொண்டிருப்பவர் என்று ஓர் இனம் உண்டு. இந்த இனத்துக்கு முறையாக ஒரு பெயர் வைக்கும் பொறுப்பை யாரிடமோ ஒப்படைத்தார்களாம். அவரும் இதே இனமாம். நல்ல பெயராகப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். அதனால் இப்போதைக்கு இந்தப் பெயரே இருக்கட்டும்.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். குடை வாங்கக் கடைக்குப் போய், துணி கெட்டியா, கம்பி துருப்பிடிக்குமா, பிடி வளைந்திருந்தால் கைக்குச் சுகமா நேராக இருந்தால் சுகமா என்று அக்குவேறு ஆணிவேறாக விசாரித்துவிட்டு, வெளியே வந்து தொப்பலாக நனைந்துகொண்டு வீட்டுக்குப் போகிறவர் இவர்தான். ஓட்டலில் மெனு அட்டையை முதல் வரியிலிருந்து அதை அச்சடித்த அச்சகத்தின் பெயர் வரைக்கும் படித்துவிட்டு, பக்கத்து மேஜைக்காரரின் தட்டை எட்டிப் பார்த்து, "அது எப்படிங்க இருக்கு?" என்று கேட்பவரும் இவர்தான். சோம்பேறி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சோம்பேறிக்கு ஓய்வு உண்டு. இவருக்கு ஏது?

சும்மா பொதுவாகப் பேசுவானேன்? ஒருவரையே எடுத்துக்கொள்வோம். கடைத்தெருவில் மருந்துக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாரே, அவர். நாள் முழுக்க ஆட்களை உயரமான நாற்காலியில் ஏற்றி உட்கார்த்தி, மூக்கின்மேல் சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா? இல்ல, இது தெளிவா?" என்று கேட்பதுதான் அவர் பிழைப்பு. யாராவது பட்டென்று "ரெண்டாவது" என்று சொல்லிவிட்டால் அவருக்கு மனசு கேட்காது. "அவசரப்படாதீங்க. இன்னொரு தடவ காட்டறேன்" என்பார். கண் நன்றாக இருக்கிறவர்கள்கூட அந்த நாற்காலியிலிருந்து இறங்கும்போது குழம்பித்தான் இறங்குவார்கள்.

இவர் வீடு தார் ரோட்டிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது. ரோட்டிலிருந்து வாசல் வரைக்கும் நீளமாக ஒரு ஜல்லிப் பாதை. இடத்தை விற்றுவிட்டுப் போன பழைய சொந்தக்காரர் ஒரு சின்ன ட்ராக்டரையும் கொட்டகையில் விட்டுவிட்டுப் போயிருந்தார். அதன் பின்னால் மாட்ட ஒரு துரும்புகூட வைக்கவில்லை. பாதையோ, மழை அரித்து, வண்டிச் சக்கரம் பதிந்து, ஜல்லியெல்லாம் ஓரத்தில் ஒதுங்கி, துணி துவைக்கும் பலகை மாதிரி வரிவரியாக மேடும் பள்ளமுமாகிவிட்டது. நட்டநடுவில் பெரிய குழி ஒன்று. மனைவியின் அக்கா வீட்டுக்காரர், அதாவது நம்மவரின் சகலை, ஒருமுறை காரோடு அதில் இறங்கி அரைநாள் அங்கேயே குடியிருந்ததால் அதற்குச் சகலைக் குழி என்றே பெயர்.

இப்படியிருக்கும்போது மனைவிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அசைந்தால் வலி, தும்மினால் வலி. டாக்டர் பார்த்துவிட்டு, "எதுவும் பெரிசா இல்ல. ஆனா குலுங்கக் கூடாது" என்றார். டாக்டரிடமிருந்து வீடு திரும்பிய கார் ஜல்லிப் பாதையில் ஏறியதும் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா? அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த பறவைகளெல்லாம் கிளம்பிப் போய்விட்டன.

"வண்டியத் திருப்புங்க."

"எங்கம்மா?"

"அக்கா வீட்டுக்கு. பாதை என்னிக்குச் சரியாகுதோ, அன்னிக்கு வர்றேன்."

அன்று சாயங்காலம் கடையை மூடிவிட்டு வந்து, வழக்கம்போல வாசலிலேயே "இந்தாம்மா" என்று பையை நீட்டிய பிறகுதான், வாங்கிக்கொள்ள ஆள் இல்லை என்பது நம்மவருக்கு உறைத்தது. கேலி ஒரு பக்கம் இருக்கட்டும், மனிதருக்குப் பெண்டாட்டி என்றால் உயிர். அவள் இல்லாத வீட்டில் டீகூட இறங்கவில்லை. நாளைக்கே பாதையைச் சமன்படுத்தி அவளை அழைத்து வந்துவிடுவது என்று அங்கேயே சத்தியம் செய்துகொண்டார். ட்ராக்டருக்குப் பின்னால் எதை மாட்டலாம் என்று மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டு.

பார்க்க ஆரம்பித்தார். தொலைந்தது.

மண்ணை வாரி அள்ளிக்கொண்டு வந்து பள்ளத்தில் கொட்டுகிற, அடியில்லாத பெட்டி மாதிரியான பாக்ஸ் பிளேடு ஒன்று. சாய்த்துத் திருப்பி ஓரத்து ஜல்லியை நடுவுக்கு இழுக்கிற ஒற்றை பிளேடு ஒன்று. மேட்டைச் சீவிப் பள்ளத்தை நிரப்பிக்கொண்டே போகும் லேண்ட் பிளேன் ஒன்று. இரும்பு வளையங்களைக் கோத்துத் தரையில் விரித்து இழுக்கிற சங்கிலிப் பாய் ஒன்று. ஒவ்வொன்றையும் யார் யாரோ எந்தெந்த ஊரிலோ ஓட்டிக் காட்டுகிற வீடியோக்களைச் சாப்பிடும்போது பார்த்தார், பல் விளக்கும்போது பார்த்தார், கடையில் ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் பார்த்தார். "இது தெளிவா? அது தெளிவா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர் அதே மூச்சில், "உங்க வீட்டுப் பாதை ஜல்லியா? பாக்ஸ் பிளேடா, லேண்ட் பிளேனா?" என்று கேட்க, மாடிக் குடியிருப்பில் இருக்கும் பாங்க் மேனேஜர் ஒருவர் பயந்துபோய், "ரெண்டாவது" என்று சொல்லி, தேவையே இல்லாத கண்ணாடியோடு வீட்டுக்குப் போனார்.

ட்ராக்டர் சாமான் கடைக்கும் போனார். அந்தக் கடைக்காரரை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது.

"உங்க பாதைக்கு பாக்ஸ் பிளேடு போதும் சார். இப்பவே வண்டியில ஏத்திடட்டுமா?"

"போதும்னா, நல்லதுங்கறீங்களா, பரவாயில்லங்கறீங்களா?"

"நல்லதுதான் சார்."

"அப்ப லேண்ட் பிளேன் நல்லதில்லையா?"

"அதுவும் நல்லதுதான்."

"எல்லாமே நல்லதுன்னா நான் எப்படிங்க முடிவு பண்றது? ஒண்ணையாவது மோசம்னு சொல்லுங்களேன்."

கடைக்காரர் இளகிய மனசுக்காரர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி சார். அந்த ஒத்த பிளேடு மோசம்" என்றார்.

"மோசமானத ஏன் விக்கிறீங்க?"

அதற்குப் பிறகு நம்மவரின் தலை தெருமுனையில் தெரிந்தாலே அந்தக் கடையின் ஷட்டர் பாதி இறங்கிவிடும்.

மனைவி மறக்காமல் ஃபோன் செய்வாள். "என்னங்க, பாதை என்னாச்சு?"

"அதத்தாம்மா பாத்துக்கிட்டிருக்கேன்."

இங்கேதான் நம் தமிழ் ஒரு குறும்பு செய்தது. குழந்தையைப் பார்த்துக்கொள் என்றால் என்ன அர்த்தம்? குளிப்பாட்டு, சோறூட்டு, அழுதால் தூக்கிக்கொள் என்று அர்த்தம். கடையைப் பார்த்துக்கொள் என்றால் வியாபாரம் செய் என்று அர்த்தம். மனைவி அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். கணவர் வேகாத வெயிலில் வேர்க்க விறுவிறுக்க ட்ராக்டர் ஓட்டிப் பாதையோடு மல்லுக்கட்டுகிறார் என்று நினைத்து அவளுக்கு மனசெல்லாம் உருகியது. இவரோ ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கன்னத்தில் கைவைத்து, பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

"கடையக்கூட சீக்கிரமா மூடிட்டு அதையேதான் பாத்துக்கிட்டிருக்காராம்" என்று அக்கா வீட்டில் அவள் பெருமையடித்துக்கொண்டாள்.

"உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று அக்கா உச்சுக்கொட்டினாள்.

சகலை மட்டும் பேப்பரைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "ஹூம்" என்றார். குழியில் குடியிருந்தவருக்கல்லவா தெரியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்குப் பொறுக்கவில்லை. இத்தனை நாளாகப் பார்த்துக்கொள்கிறாரென்றால் பாதை இந்நேரம் வழவழவென்று ஆகியிருக்காதா? சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றால் மனிதர் எப்படிச் சந்தோஷப்படுவார்! முதுகுக்கு ஒரு தலையணையை முட்டுக்கொடுத்து, பெட்டியை டிக்கியில் போட்டு, சகலையை ஓட்டச் சொல்லி அவர் காரிலேயே கிளம்பிவிட்டாள்.

நம்மவர் ஜன்னலோரம் இருந்தார். வேறெங்கே இருப்பார்? யாரோ ஒருவர் பாதையை லேண்ட் பிளேனால் சீவுகிற வீடியோவில் மூழ்கியிருந்தவருக்கு, தடதடவென்று ஏதோ சத்தம் கேட்டது. நல்ல ஒலிப்பதிவு என்று நினைத்துக்கொண்டார். பிறகு தொம்மென்று ஒன்று கேட்டது. நிமிர்ந்து பார்த்தால், சகலைக் குழிக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு சகலையின் கார்.

விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். மனைவி இடுப்பைப் பிடித்தபடி மெல்ல இறங்கி நின்றாள்.

"என்னங்க இது?"

"சகலைக் குழி."

"பேரக் கேக்கல. பாத்துக்கிட்டிருக்கேன்னு சொன்னீங்களே?"

"பாத்துக்கிட்டுத்தாம்மா இருக்கேன்."

அந்தச் சொல்லின் இரண்டு அர்த்தங்களும் அந்தக் குழியின் ஓரத்தில்தான் முதல்முறையாக நேருக்கு நேர் சந்தித்துக்கொண்டன. கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவள் கத்தவில்லை. கிட்டே வந்து, தன் உள்ளங்கையால் அவருடைய இடது கண்ணைப் பொத்தினாள். கடையில் அவர் செய்வதை எத்தனை வருஷமாகப் பார்க்கிறாள்!

"பாதை தெரியுதா?"

"தெரியுது."

"எப்படித் தெரியுது?"

"மேடும் பள்ளமுமா."

கையை மாற்றி வலது கண்ணைப் பொத்தினாள். "இப்ப நான் தெரியறேனா?"

"தெரியறே." கண்ணைச் சுருக்கி உற்றுப் பார்த்தார். "இளைச்சுட்டியேம்மா."

"அது கிடக்கட்டும். இன்னிக்குப் பாதை சரியாகலேன்னா இந்தக் கார்லயே திரும்பிப் போயிடுவேன். அப்புறம் ஃபோன்கூடப் பண்ண மாட்டேன். நீங்க பாட்டுக்கு ஆயுசுக்கும் பாதையப் பாத்துக்கிட்டே இருக்கலாம். முதல்ல தெரிஞ்சது வேணுமா, ரெண்டாவதா?"

அவர் வாயைத் திறந்தார்.

"இன்னொரு தடவ காட்ட மாட்டேன்."

"ரெண்டாவது!" என்றார் பட்டென்று. அவர் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் பட்டென்று.

"அப்ப ட்ராக்டர எடுங்க."

"பின்னால மாட்ட ஒண்ணும் இல்லையேம்மா."

"கட்டில் இருக்கே."

படுக்கையறையில் இருந்த இரும்புக் கட்டிலைச் சொன்னாள். நடுவில் தொய்ந்து தொட்டிலாகிப்போன கட்டில். அவள் முதுகு போனதே அதனால்தான். அதை மாற்ற வேண்டும் என்று அவள் எப்போதோ சொல்லியாகிவிட்டது. அதையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"அது பாதை இழுக்கறதுக்குன்னு செஞ்சது இல்லையே!"

"தூங்கறதுக்குன்னும் செஞ்சது இல்ல. என் முதுகக் கேளுங்க."

அப்புறம் மறுபேச்சு ஏது? ட்ராக்டர் உறுமிக்கொண்டு கொட்டகையை விட்டு வந்தது. முதல் காரியமாகச் சகலையின் காரைக் குழியிலிருந்து இழுத்து ரோட்டில் விட்டது. சகலைமார் இருவரும் கட்டிலைத் தூக்கிவந்து தலைகீழாகக் கவிழ்த்து, நான்கு கால்களும் வானத்தைப் பார்க்க, சட்டத்தைச் சங்கிலியால் ட்ராக்டரோடு கட்டினார்கள். நம்மவர் ஒரு சுற்றுச் சுற்றிவந்து தாடையைத் தடவினார்.

"மேல எடை வேணும். இல்லேன்னா துள்ளும்" என்றார். அத்தனை நாள் பார்த்ததற்குப் பலன் இல்லாமலா போய்விடும்?

கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் சகலையைப் பார்த்தார்கள். தாராளமான உடம்பு.

"ஐயையோ, என்ன விட்டுடுங்க. எனக்கு பிரஷர் இருக்கு சகல."

"நல்லதாப் போச்சு சகல. பிரஷர்தான் வேணும்."

கவிழ்த்த கட்டிலின் குறுக்கே பலகை போட்டு, கட்டில்கால் இரண்டைக் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு சகலை உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. மனைவி ஓரமாக நின்று, "அங்க மேடு! இடது பக்கம் வாங்க! மெதுவா, மெதுவா, அத்தான் விழுந்துடப் போறார்!" என்று குரல் கொடுக்க, இரும்புச் சட்டம் மேட்டையெல்லாம் கரகரவென்று சுரண்டிப் பள்ளத்தில் தள்ளிக்கொண்டு போனது. போனார்கள், வந்தார்கள், திரும்பப் போனார்கள். புழுதியில் சகலை இருமுவதை வைத்துத்தான் கட்டில் எங்கே இருக்கிறது என்றே தெரிந்தது. கடைசியில் கட்டிலின் கால் ஒன்று அவர் கையோடு வந்துவிட்டது. அதற்குள் பாதை படிந்துவிட்டது.

தலையிலிருந்து கால்வரை மாவில் புரட்டிய மாதிரி எழுந்து நின்ற சகலை, பாதையை ஒரு தடவை பார்த்துவிட்டு, "நான் மட்டும் உக்காரலேன்னா இது நடந்திருக்குமா?" என்றார். அது உண்மைதான்.

மனைவி டம்ளர் நிறையத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டிலிருந்து வாசல் வரைக்கும் காரில் வந்து பார்த்தாள். பழைய குழி இருந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் தளும்பிச் சகலையின் சட்டையில் சிந்தியது. "சரி" என்று சொல்லிப் பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். நம்மவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புழுதி என்று சொல்லிக்கொண்டார்.

சாயங்காலம் படுக்கையறை வாசலில் நின்று அந்தக் காலி இடத்தைப் பார்த்தபடி அவள் கேட்டாள். "புதுக் கட்டில் என்னிக்குங்க வருது?"

"பா..." என்று ஆரம்பித்துவிட்டார். பழகிப்போன நாக்கு.

அவள் திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள். அது இன்னும் பிரிக்காமல்தான் இருந்தது.

"...ய் இருக்கேம்மா! பாய்! இன்னிக்கு ஒரு நாளைக்கு!"

"எந்தப் பாய்? சங்கிலிப் பாயா?"

"சேச்சே. படுக்கற பாய்" என்றார். அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் கடை திறந்ததும் திறக்காததுமாகக் கட்டில் கடையில் போய் நின்றார். "எந்த மாதிரி சார் பாக்கறீங்க?" என்றார் கடைக்காரர். "ரெண்டாவது" என்றார் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு. கடைக்காரர் இன்னும் ஒன்றைக்கூடக் காட்டியிருக்கவில்லை.

சிரித்துவிட்டீர்கள். சந்தோஷம். உங்களிடம் ட்ராக்டரும் இல்லை, ஜல்லிப் பாதையும் இல்லை, அதனால் இந்தக் கதைக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் வீட்டுக் குளியலறையில் குழாய் ஒன்று சொட்டுகிறதே, அதைப் பற்றி வீட்டில் கேட்டபோது என்ன பதில் சொன்னீர்கள்? நினைவில்லையா? பரவாயில்லை, வார்த்தையைத் தேட வேண்டாம், எனக்குத் தெரியும். உங்கள் வீட்டு அலமாரிக்கு மேலும் ஒரு பெட்டி இருக்கும். அது அங்கேயேதான் இருக்கிறதா, கீழே இறங்கியிருக்கிறதா என்று இப்போதே எழுந்து போய்ப் பாருங்கள்.

பார்த்துக்கொண்டே நின்றுவிடாதீர்கள்.