போன மாதத்துக்குப் போன கம்ப்யூட்டர்

இந்தத் தசராவுக்கு என் மைத்துனர் சேகரன் குடும்பத்தை மைசூருக்குள் விடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். 1999-ல் நான் எடுத்த ஒரே சபதம் இதுதான். போன வருடம் ஹனூரிலிருந்து எட்டுப் பேர் வந்து, விஜயநகரில் எங்கள் இரண்டு அறை வீட்டில் பத்து நாள் தங்கினார்கள். நான் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் படுத்தேன்.

தசராவுக்கு எட்டே நாள். என் மனைவி சுந்தராம்பாள் அண்ணனுக்கு அழைப்புக் கடிதம் ஒன்றை மூன்று நாள் ஒற்றை விரலால் தட்டி, என் லினக்ஸ் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருந்தாள். அச்சில் போனால்தான் மரியாதையாம். ஹெப்பாள் ஃபாக்டரியில் கம்ப்யூட்டர் பார்க்கிறவன் நான். விடுவேனா? கடிதத்தை மட்டும் அழித்தால் மாட்டிக்கொள்வேன். அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, போன மாதம் எடுத்து வைத்த பேக்கப் நகலைப் போட்டுக் கம்ப்யூட்டரை அப்படியே ஒரு மாதம் பின்னுக்குத் தள்ளினேன். கடிதம் ஒழிந்தது.

பாஸ்வேர்ட் அடித்தேன். தவறு என்றது. மறுபடி அடித்தேன். தவறு. அப்போதுதான் உறைத்தது. பாஸ்வேர்டும் போன மாதத்துக்குப் போய்விட்டது! மாதாமாதம் அதை மாற்றிவிட்டுப் பழையதை மறந்துவிடுவது என் தொழில் பெருமை. மூன்றாவது தப்புக்குப் பூட்டிக்கொள்ளும்படி செய்து வைத்த புத்திசாலியும் நானே. மானேஜர் நாளைக் காலைக்குக் கேட்டிருந்த, இரண்டு மாதம் முன்பே நான் தட்டி வைத்த ஸ்பேர் பார்ட்ஸ் பட்டியல் உள்ளே மாட்டிக்கொண்டது.

சுந்தராம்பாள் பையோடு வந்து நின்றாள்.

“ஏனுங்க, மொகமெல்லாம் இப்படி வேர்க்குது?”

“போன மாசப் பாஸ்வேர்ட் மறந்துபோச்சு.”

“எனக்குத் தெரியுமுங்க.”

“உனக்கா? எப்படி?”

“ஒவ்வொரு எழுத்தா வாய்விட்டுச் சொல்லித்தானே அடிக்கறீங்க! சமையல்கட்டு வரைக்கும் கேக்குது.”

“சொல்லு, சொல்லு!”

“மொதல்ல, நான் தட்டுன லெட்டரு எங்கீங்க?”

நான் மேலே ஃபேனைப் பார்த்தேன்.

“சரி, லெட்டரு போனாப் போகுது. அண்ணனுக்கு நீங்களே போன் போட்டுக் கூப்பிடுங்க. அப்பறம் சொல்றேன்.”

வேறு வழி? போட்டேன். “மச்சான், தசராவுக்கு எல்லாரும் அவசியம் வரணும்” என்று தேன் ஒழுகக் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் ஒரே குதூகலம். போனை வைத்ததும் அவள் பாஸ்வேர்டைச் சொன்னாள். திறந்தது.

“பாவமுங்க நீங்க” என்றாள். “எதுக்கும் பாக்கலாம்னுதான் அந்த லெட்டரத் தட்டுனேன். லெட்டருக்கெல்லாம் வரமாட்டேன், மாப்பிள்ளை வாயால கூப்பிட்டாத்தான் வருவேன்னு அண்ணன் போன வாரமே சொல்லிப்போட்டாரு.”