மச்சானிடம் ஒரு தோல்வி கேட்டு

அன்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் அவர்களுக்கு,

இங்கு நான், உங்கள் தங்கை, மகள் மூவரும் சௌக்கியம். அங்கே நீங்களும் அக்காவும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில், விசாரிப்பதை இத்துடன் முடித்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் ஒரு தோல்வி வேண்டும். பதறாதீர்கள், இருக்கிறதில் ஒன்றைக் கொடுத்தால் போதும்.

விவரம் இதுதான். பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புக்குப் போகப்போகிற பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் பல்கலைக்கழக விடுதியிலேயே தங்கவைத்து, கல்லூரிப் படிப்பு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே காட்டுகிறார்கள். அதில் பாலம் கட்டுவதற்கென்றே ஒரு வகுப்பு. நம் வீட்டுப் பெண்ணுக்குப் பாலம் என்றால் உயிர். ஐஸ்கிரீம் குச்சியில் பாலம் கட்டி, என் டிரைவிங் ஸ்கூல் புத்தகங்களையெல்லாம் அதன்மேல் அடுக்கி, எப்போது உடைகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். இந்த இடம் கிடைக்காவிட்டால் கோடை முழுக்க அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. மதிப்பெண்ணுக்குக் குறையில்லை. ஆனால் விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை கேட்கிறார்கள்: நீ சந்தித்த ஒரு தோல்வி, அதிலிருந்து கற்றது. இங்கேதான் வண்டி நின்றுவிட்டது.

உட்கார்ந்து தேடினோம், மச்சான். ஒன்றுகூட அகப்படவில்லை. சைக்கிள் பழகும்போது விழுந்திருப்பாளே என்றாள் உங்கள் தங்கை. எப்படி விழுவாள், அவள் நன்றாக ஓட்டப் பழகிய பிறகும் நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேனே. ஓட்டப் பந்தயத்தில் ஒருமுறை இரண்டாவதாக வந்தாளே என்றாள். அன்றைக்கே தலைமையாசிரியர் அறையில் போய் உட்கார்ந்து, முடிவுக் கோட்டைக் கோணலாகப் போட்டிருக்கிறார்கள் என்று நிரூபித்து, இரண்டு பேருக்கும் முதல் பரிசு வாங்கிக் கொடுத்துவிட்டேன். இப்படி ஒரு தகப்பன் இருக்கிற வீட்டில் தோல்வி எந்த வழியாக நுழையும்? பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டுரைக்கு உதவவில்லை.

சரி, இல்லாததை உண்டாக்கிவிடலாம் என்று இறங்கினேன். எங்கள் குடியிருப்பில் நடந்த பாட்டுப் போட்டிக்கு அவள் பெயரைக் கொடுத்தேன். அவள் குரல் உங்கள் குடும்பத்துக் குரல், அதனால் எனக்கு முழு நம்பிக்கை. அவளும் ஏமாற்றவில்லை, முதல் வரியிலேயே முன்வரிசைக் குழந்தை ஒன்று அழ ஆரம்பித்துவிட்டது. ஆனால் நடுவராக உட்கார்ந்திருந்த பல் டாக்டர் என்னிடம் கார் ஓட்டப் பழகுகிறவர், அடுத்த வாரம் அவருக்கு லைசென்ஸ் டெஸ்ட். என் முகத்தைப் பார்த்தார், அவளுக்கு முதல் பரிசு என்று அறிவித்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் கோப்பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

நான் அசரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பயிற்சி மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், ஸ்கூல் காரில் உட்காரவைத்து, இரண்டு தகர டிரம்முக்கு நடுவே ரிவர்ஸ் எடுக்கச் சொன்னேன். நன்றாக ஓட்டுகிறவர்களே திணறுகிற இடம். கண்டிப்பாக இடிப்பாள், இடித்தால் கட்டுரை தயார். வண்டியும் நேராக டிரம்மைப் பார்த்துத்தான் போனது. இன்னும் ஒரு சாண். அந்த நேரம் பார்த்து என் கால், பழகிக்கொடுப்பவருக்கென்று என் பக்கம் வைத்திருக்கிற இன்னொரு பிரேக்கை, என்னைக் கேட்காமலே மிதித்துவிட்டது. மறுபடி எடுக்கச் சொன்னேன், மறுபடி மிதித்தது. காலை மடக்கிச் சீட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கை போய் ஸ்டீயரிங்கைத் திருப்பிவிட்டது. அவள் இன்ஜினை நிறுத்தினாள்.

“அப்பா, நீங்க கொஞ்சம் கீழ இறங்கி நில்லுங்களேன்” என்றாள்.

பிள்ளைக்கு விவரம் போதாது. பழகிக்கொடுக்கிறவன் இறங்கி நிற்பது எந்த ஊர் வழக்கம்? வண்டியை நானே வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகவேதான் இந்தக் கடிதம். தோல்வியில் உங்கள் அளவுக்கு அனுபவம் நம் சொந்தத்தில் யாருக்கும் கிடையாது. போட்டோ ஸ்டூடியோ, மீன் தொட்டி வியாபாரம், குடை ரிப்பேர் கடை என்று வகைவகையாக வைத்திருக்கிறீர்கள். குறையாகச் சொல்லவில்லை, ஒவ்வொரு தடவையும் கடையை மூடிவிட்டு நீங்கள் சிரித்துக்கொண்டே வந்து நிற்பதைப் பார்த்து எனக்குப் பொறாமைகூட வந்திருக்கிறது. அதில் ஒரு பெண்பிள்ளைக்குப் பொருத்தமானதாக ஒன்றைப் பொறுக்கி, விவரமாக எழுதி, உடனே அனுப்புங்கள். மீன் தொட்டிதான் என்றால், மீன்கள் என்ன ஆயின என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். கற்றது என்ன என்ற இடத்தில் உங்களுக்கு எதுவும் தோன்றாவிட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். இடம் கிடைப்பது உறுதி. விடுதிக்கு எதிரே எனக்கும் ஓர் அறை பார்த்து வைத்துவிட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். உங்கள் அடுத்த கடை எதுவானாலும் அது நிலைத்து நிற்க மனமார வேண்டிக்கொள்ளும்,

உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே கேட்டது எதையும் அனுப்ப வேண்டாம். உறையை ஒட்டப்போகும்போது மகள் வந்து நின்றாள். மைதானத்திலிருந்து வந்த அன்றே கட்டுரையைத் தானே எழுதி அனுப்பிவிட்டாளாம். இன்று பதில் வந்திருக்கிறது, இடம் கிடைத்துவிட்டது. தோல்விக்கு எங்கே போனாய் என்று கேட்டேன்.

“‘நானே பாத்துக்கறேன்’னு எங்கப்பாகிட்ட சொல்லி ஒரு தடவகூட ஜெயிச்சதில்லன்னு எழுதினேன்” என்றாள்.

அதில் கற்றது என்ன என்று கேட்டேன்.

“சொல்லாமலே செஞ்சிடணும்னு.”

கட்டுரை அருமையாக இருந்ததாக அவர்களே தனியாகக் குறிப்பிட்டு எழுதியிருக்கிறார்கள், மச்சான். அதில் நான் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை.