புளி போட்டுத் தேய்த்த டம்ளர்

செங்கல்பட்டில் தேசப்பிதாவின் கால் படாத இடம் ஒன்று மீதி இருந்தால், அது கைடு இன்னும் போகாத இடமாகத்தான் இருக்கும். கைடு ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்து வீடு. அவருடைய உண்மைப் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. வெளியூர் முகம் ஒன்றைப் பார்த்துவிட்டால் போதும், தேசப்பிதா வந்த இடங்களைக் காட்டக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

ஜங்ஷனில் ஒரு தூண் இருந்தது. அதன் பக்கத்தில் நின்றவர்களை அவர் சும்மா விட்டதில்லை.

“செருப்ப கழட்டு நைனா. இங்கதான் அவரு எறங்குனாரு.”

“சார், டிரெயின் எடுக்கப் போறான்!”

“டிரெயினு இன்னொண்ணு வரும். அவரு வருவாரா?”

எனக்குத் தெரிந்தே இரண்டு பேர் அவரால் தாம்பரம் வண்டியைத் தவறவிட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் இன்டர்வியூவுக்குப் போய்க்கொண்டிருந்தவர்.

ஏரிக்கரையில் தேசப்பிதா முகம் கழுவினார். பூட்டிக் கிடக்கும் சத்திரத்தில் வேர்க்கடலை சாப்பிட்டார். ஒருமுறை எங்களையும் மாமல்லபுரம் கூட்டிப் போய், உருளுவது போல நிற்கும் அந்தப் பெரிய பாறையைக் காட்டி, “இதுல சாஞ்சுதான் உக்காந்தாரு. அப்பகூட உருளல, பாத்துக்கோ” என்றார்.

அங்கே நின்ற உண்மையான கைடு ஒருவருக்குப் பொறுக்கவில்லை. “யோவ் அண்ணாத்த, இது எந்தப் புக்குல கீது?”

“புக்கு எழுதுனவன் அன்னிக்கு லீவு.”

அப்போது என் மகனுக்குப் பத்து மாதம். அவன் தூங்கினால்தான் எனக்குத் தூக்கம், அவனோ தூங்குகிற ரகம் இல்லை. அந்த நிலையில், மூன்றாம் வகுப்பு படித்த என் மகளின் பள்ளியிலிருந்து வாட்ஸப்பில் செய்தி வந்தது. தேசத் தலைவர் ஒருவரோடு தொடர்புடைய பொருளைக் கண்காட்சிக்குக் கொண்டுவர வேண்டுமாம். மற்ற அம்மாக்கள் ஆன்லைனில் குட்டிக் கைராட்டை வாங்கிவிட்டார்கள். நான் வாங்கலாமா, செய்யலாமா, பிளாஸ்டிக் என்றால் டீச்சர் ஏதாவது சொல்வாரோ என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கடைசி நாள் வந்துவிட்டது.

கைடு வீட்டு ஷோகேஸில் ஒரு பித்தளை டம்ளர் இருந்தது. ரயில் ஜன்னல் வழியாகத் தேசப்பிதாவுக்குக் கைடின் அப்பா தண்ணீர் கொடுத்த டம்ளர். பச்சையும் கறுப்புமாகக் களிம்பேறிப் போயிருக்கும். யாரும் தொடக் கூடாது. அவர் மனைவி ராணியம்மா இருந்தவரை அந்த அலமாரியைத் துடைக்க மட்டும்தான் அந்த அம்மாவுக்கு அனுமதி. அந்த டம்ளரைத்தான் நான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். “எத்தினி பேரு கேட்டான், குடுக்கல. பாப்பாக்காக தரேன்” என்று அவர் பழைய வேட்டியில் சுற்றிக் கொடுத்தார்.

கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. டம்ளர் நசுங்காமல் வீடு திரும்பியது. தவறு அதற்குப் பிறகுதான். பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை அப்படியே திருப்பிக் கொடுப்பது எங்கள் வீட்டில் வழக்கம் இல்லை. தேய்த்து, உள்ளே கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். இடுப்பில் குழந்தை, அடுப்பில் பால். கை தன் பாட்டுக்குப் புளியை எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தது. டம்ளர் தங்கமாகப் பளபளத்தபோதுதான் எனக்கு விழிப்பே வந்தது. தேசப்பிதாவின் விரல் பட்ட களிம்பு எங்கள் வீட்டுச் சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது.

அது போதாதென்று, டம்ளரின் அடியில் எழுத்துகள் தெரிந்தன. ‘ராணி. பூப்பு நீராட்டு விழா. அன்பளிப்பு: தாய்மாமன்.’

தேசப்பிதா இறந்தபோது ராணியம்மா பிறந்திருக்கவே மாட்டார். மறுபடி புகை காட்டிக் கறுப்பாக்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். சொன்னால் அவர் ஆயுள் முழுக்கச் சொன்ன கதை போய்விடும். சொல்லாவிட்டால் நான் பொய்க்காரி. இரண்டு முறை அவர் வாசல் வரை போய்த் திரும்பினேன். மூன்றாவது முறை அவரே பார்த்துவிட்டார்.

“இன்னாம்மா, பந்தயமா ஓடுற? வா உள்ள.”

டம்ளரை நீட்டினேன். “பெரியப்பா, தெரியாம தேச்சிட்டேன்... அடியில பேரு இருக்கு.”

கண்ணாடியை மாட்டிப் படித்தார். “பேரு எப்ப வேணா வெட்டலாம்” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். இன்னொரு முறை படித்தார். என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தத்தில் இடுப்பில் தூங்கிய குழந்தை விழித்துக்கொண்டது என்றே நினைக்கிறேன்.

“இது அவ சீர் டம்ளரும்மா,” என்றார் கடைசியில். “எங்கப்பன் டம்ளர எங்கியோ தொலைச்சுட்டா. நான் கத்துவன்னு பயந்துகினு, தன்னோடத எடுத்து அந்த எடத்துல வெச்சிருக்கா, களவாணி.” சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “இதுல ஒரு வாய் தண்ணி குடிக்க வுடலியே நானு. அவ டம்ளர அவளே தொடக்கூடாதுன்னு சட்டம் போட்டுகினு இருந்துக்கீறேன்.”

அடுத்த இரண்டு நாள் அவர் வெளியே வரவில்லை. ஜங்ஷனில் எல்லா வண்டிகளும் ஆட்களோடு போயின. ஒரு பெரிய மனிதரை நான் புளி போட்டுத் தேய்த்துக் காலி செய்துவிட்டேன் என்று அழுதேன். “போய்ப் பேசேன்” என்றார் என் கணவர். போக எனக்குத் தைரியம் இல்லை.

மூன்றாம் நாள் பொத்தேரியிலிருந்து வந்த இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் அவரிடம் மாட்டினார்கள். தூண், ஏரி, சத்திரம் எல்லாம் காட்டிவிட்டு, அவர்களை நேரே தன் வீட்டுக்கே கூட்டி வந்தார்; வாசலில் நின்ற என்னையும் உள்ளே வரச் சொன்னார். அந்த டம்ளரில் தண்ணீர் மொண்டு ஆளுக்கு ஒரு முறை கொடுத்தார். பிறகு சமையலறைப் படியைக் காட்டினார்.

“இங்கதான் ராணி உக்காந்து வெங்காயம் உரிப்பா.”

“அவங்க யாரு சார்?”

“எங்க வூட்டுத் தலைவரு.”

பிள்ளைகள் அதையும் போட்டோ எடுத்தார்கள். அவர்கள் போன பிறகு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் அந்தப் படியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருடத்தில் அவர் காட்டிய இடங்களில், நான் ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பியது அந்த ஒன்றைத்தான்.